நான்கு, நான்கு, நான்கு: அகியோ நோகுச்சியின் கடைசிப் போட்டியும் அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளும்

2021 ஆகஸ்ட் 6 அன்று இரவு, டோக்கியோவின் அவோமி நகர்ப்புற விளையாட்டுத் திடலில், ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பெண்கள் ஸ்போர்ட் கிளைம்பிங் (செயற்கைச் சுவர் ஏறும் விளையாட்டு) இறுதிப்போட்டி முடிந்தபோது மதிப்பெண் பலகையில் இருவருக்கு ஒரே எண் நின்றது. போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்வாவுக்கு 64; ஜப்பானின் அகியோ நோகுச்சிக்கும் 64. மூன்று பிரிவுகளில் பெற்ற இடங்களைப் பெருக்கி வந்த எண் அது; குறைந்தவரே முன்னே. முன்னவர் அந்த எண்ணுக்கு வந்த வழி 1×8×8. பின்னவர் வந்த வழி 4×4×4. வெண்கலம் நோகுச்சிக்குப் போனது. அன்றுடன் அவர் போட்டிகளிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது 32.

அந்த மூன்று நான்குகளை இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொள்கிறது. நோகுச்சியை உலகம் அறிந்தது, கயிறில்லாமல் குட்டையான சுவரில் ஏறும் போல்டரிங் பிரிவின் வீராங்கனையாக. அந்தப் பிரிவில் உலகக் கோப்பையின் ஆண்டுப் பட்டத்தை நான்கு முறையும், தனித்தனிச் சுற்றுகளில் 21 வெற்றிகளையும் பெற்றவர் அவர். ஆனால் அவருடைய ஒரே ஒலிம்பிக் பதக்கம் போல்டரிங்கால் வந்ததன்று. அன்றைய கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அவர் தொழிலில் மிகப் பிந்திக் கற்றுக்கொண்ட பிரிவே அதைத் தந்தது என்று தெரிகிறது.

நோகுச்சி 1989 மே 30 அன்று இபராக்கி மாகாணத்தின் ர்யூகசாகியில் பிறந்தார். குடும்பத்தினர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர்கள்; மரம் ஏறி விளையாடி வளர்ந்த பெண். பதினொன்றாம் வயதில் குடும்பத்துடன் குவாம் தீவுக்கு விடுமுறைக்குச் சென்றபோது, ஒரு விளையாட்டுக் கூடத்தில் இருந்த ஏறுசுவரில் முதன்முதலாக ஏறினார். ஊர் திரும்பிய பிறகும் அந்த ஆசை விடவில்லை. தந்தை, பண்ணையில் பயன்பாட்டில் இல்லாத மாட்டுக்கொட்டகை ஒன்றுக்குள் மகளுக்காகப் பயிற்சிச் சுவர் எழுப்பிக் கொடுத்தார். இன்று ஜப்பானில் ஏறுகூடங்களுக்குப் பஞ்சமில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை என்பதால், வீட்டு வாசலிலேயே ஒரு சுவர் இருந்தது சாதாரண வசதியன்று. 2005-இல், பதினாறாம் வயதில், மியூனிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் லீட் பிரிவில் வெண்கலம் வென்றார். கயிறு கட்டி உயரம் ஏறும் பிரிவு அது. போல்டரிங்கின் அரசியாகப் பின்னாளில் அறியப்பட்டவரின் முதல் பெரிய பதக்கம் லீடில் வந்ததை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டோக்கியோவின் கடைசி ஒரு மணி நேரத்தைப் புரிந்துகொள்ள அது உதவும்.

போல்டரிங் என்பது கயிறில்லாமல், கீழே தடித்த மெத்தை விரித்த, சுமார் நான்கரை மீட்டருக்கு மிகாத சுவரில் ஏறுவது. ஏறும் தடம் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் கணக்கு என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். தமிழில் புதிர் என்பதே சரியாக வரும். ஏனெனில் இதில் பாதி வேலை கண்ணுக்கும் மூளைக்கும்தான். போட்டியாளர்கள் ஒரு தனியறையில் வைக்கப்படுகிறார்கள். பிறர் ஏறுவதைப் பார்க்க அனுமதி இல்லை. இறுதிச்சுற்றில் எல்லோரையும் ஒன்றாக வெளியே அழைத்து, புதிருக்கு இரண்டு நிமிடம் என்ற அளவில் சுவரை உற்றுப்பார்க்க விடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடங்களில் நடப்பது வேடிக்கையான காட்சி. சற்றுநேரத்தில் ஒருவரையொருவர் தோற்கடிக்கவிருக்கும் ஆறேழு பெண்கள் வரிசையாக நின்று, இல்லாத பிடிகளைக் காற்றில் பிடித்து, இடக்கையா வலக்கையா என்று தங்களுக்குள் பேசி, சிரித்து, மீண்டும் உள்ளே போகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். நான்கு நிமிடம். கையில் வெள்ளைத் தூள். எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் எண்ணப்படும். உச்சிப் பிடியை இரு கைகளாலும் கட்டுக்குள் கொண்டுவந்தால் ‘டாப்’. நடுவில் குறிக்கப்பட்ட பிடியைப் பற்றினால் ‘சோன்’. அன்றைய விதிப்படி முதலில் டாப்களின் எண்ணிக்கை, பிறகு சோன்கள், பிறகு முயற்சிகள் என்ற வரிசையில் இடம் தீர்மானிக்கப்பட்டது.

இந்தப் பிரிவில் நோகுச்சியின் வரவு 2008-இல் பிரான்ஸின் மோந்தோபானில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றில் பதிவாயிற்று. போல்டரிங் உலகக் கோப்பைச் சுற்று ஒன்றை வென்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். அடுத்த ஆண்டே ஆண்டுப் பட்டம். 2010-இல் மீண்டும். அதன்பின் ஆஸ்திரியாவின் அன்னா ஷ்டோர் 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகள் பட்டத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பெரும்பாலோர் இங்கே மெல்ல மங்கிப் போவார்கள். நோகுச்சி 2014-இலும் 2015-இலும் பட்டத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு பிரிட்டனின் ஷௌனா காக்ஸி இரண்டு ஆண்டுகள், 2018-இல் சக ஜப்பானியரான மிஹோ நோனாகா, 2019-இல் ஸ்லொவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் என்று பட்டம் கைமாறியது. பட்டம் வென்றவர்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவர்கள் ஒவ்வொருவரும் வென்றாக வேண்டிய பெயர்களில் ஒன்று மட்டும் பத்தாண்டுக்கு மேலாக மாறவில்லை.

2018-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்போது அவருக்கு 28, 29 வயது. சீனாவின் சோங்சிங், தையான், பிறகு சொந்த நாட்டின் ஹச்சியோஜி என்று அடுத்தடுத்து மூன்று சுற்றுகளை வென்றார். அப்படியிருந்தும் ஆண்டுப் பட்டம் கிடைக்கவில்லை, இரண்டாம் இடம். அதே ஆண்டு இன்ஸ்புருக் உலகச் சாம்பியன்ஷிப்பில் போல்டரிங் வெள்ளி. 2016-இல் பாரிஸில் வெண்கலம், 2019-இல் ஹச்சியோஜியில் மறுபடியும் வெள்ளி. நான்கு ஆண்டுப் பட்டங்களை வென்றவருக்கு, ஒரு நாள் ஆட்டத்தில் தீர்மானமாகும் போல்டரிங் உலகச் சாம்பியன் பட்டம் கடைசிவரை கைகூடவில்லை. இதை அதிர்ஷ்டக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. கடைசி இரண்டு வெள்ளிகளுக்கும் எதிரே நின்றவர் கார்ன்பிரெட். 2019 பருவத்தின் ஆறு போல்டரிங் சுற்றுகளில் ஆறையும் வென்றவர். அவருக்கு அடுத்த இடத்தில் அந்த ஆண்டு முழுவதும் நின்றது நோகுச்சிதான். முதலிடம் கைக்கு எட்டாமல் போன பிறகும் இரண்டாம் இடத்தை இளையவர்களுக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்.

அதற்குள் போல்டரிங்கே வேறு விளையாட்டாகியிருந்தது. அவர் தொடங்கிய காலத்தின் புதிர்கள் பெரும்பாலும் விரல் நுனியின் வலிமையையும், உடலைச் சுவரோடு ஒட்டவைக்கும் பொறுமையையும் கேட்டன. பிறகு தடம் அமைப்பவர்கள் பெரிய வழவழப்பான முக்கோணங்களையும் உருண்டைகளையும் சுவரில் பொருத்தத் தொடங்கினார்கள். ஓடி வந்து ஒன்றில் கால் வைத்து, இன்னொன்றில் தாவி, மூன்றாவதைக் காற்றிலேயே பற்ற வேண்டிய அசைவுகள் வழக்கமாயின. விழுந்து எழுந்து வளரும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்கு இது இயல்பு. விரலும் பொறுமையும் கொண்டு பட்டம் வென்றவர்களுக்கு இது புதுப் பாடம். நோகுச்சி அந்தப் பாடத்தைப் படித்துத் தேர்ந்தார் என்பதற்கு 2018-இன் மூன்று வெற்றிகளே சான்று.

படிக்க வேண்டிய அடுத்த பாடம் இன்னும் விசித்திரமானது. 2016 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங்கைச் சேர்ப்பது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டே தங்கப் பதக்கங்கள் ஒதுக்கப்பட்டன. விளையாட்டிலோ ஸ்பீடு, போல்டரிங், லீட் என்று மூன்று பிரிவுகள். எதையும் விடமுடியாமல் மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள்: ஒருவரே மூன்றிலும் போட்டியிட வேண்டும், மூன்றிலும் பெற்ற இடங்களைப் பெருக்க வேண்டும், பெருக்குத்தொகை குறைந்தவர் வென்றவர். போல்டரிங்குக்கும் லீடுக்கும் இடையே உறவு உண்டு. ஸ்பீடு முற்றிலும் வேறு குலம். 15 மீட்டர் சுவர், உலகம் முழுவதும் ஒரே தடம், ஒரே பிடிகள், ஒரே இடைவெளி. புதிர் எதுவும் இல்லை, ஒரே அசைவுத்தொடரை ஆயிரக்கணக்கான முறை ஓடி மனப்பாடம் செய்வதே அதன் பயிற்சி. செக் நாட்டின் ஆடம் ஒந்த்ரா உட்படப் பலர் இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகவே குறைகூறினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபதுகளின் இறுதியில் இருந்த நோகுச்சி அந்தச் சுவரில் ஓடக் கற்றுக்கொண்டார்.

2018 ஆசிய விளையாட்டில், மூன்றையும் இணைத்த இதே வகைப் போட்டியில் தங்கம். 2019 ஆகஸ்டில் ஹச்சியோஜி உலகச் சாம்பியன்ஷிப்பின் இணைப்புப் பிரிவில் கார்ன்பிரெட்டுக்கு அடுத்து வெள்ளி. அதன்மூலம் ஒலிம்பிக் இடம் உறுதியாயிற்று. ஜப்பானின் மற்றோர் இடம் யாருக்கு என்பதில் தேசியச் சங்கத்துக்கும் சர்வதேசக் கூட்டமைப்புக்கும் வழக்கு மூண்டு, விளையாட்டு நடுவர் மன்றம்வரை சென்று, கடைசியில் அது நோனாகாவுக்கு அமைந்தது. டோக்கியோவே தம் கடைசி மேடை என்று நோகுச்சி தீர்மானித்திருந்தார். பெருந்தொற்றால் போட்டி ஓராண்டு தள்ளிப்போனபோது, அந்த ஓராண்டையும் உடல் தாங்க வேண்டியதாயிற்று.

இனி அந்த இரவுக்கு வருவோம். இறுதிப்போட்டியில் எட்டுப் பேர். பார்வையாளர் இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

முதலில் ஸ்பீடு, இரண்டிரண்டு பேராக ஓட்டம். மிரோஸ்வாவ் 6.84 விநாடிகளில் உலகச் சாதனை படைத்து முதலிடம் பெற்றார். பிரான்ஸின் அனூக் ஜோபேர் இரண்டாமிடம். இவர்கள் இருவரும் ஸ்பீடையே தொழிலாகக் கொண்டவர்கள். மூன்றாம் இடத்துக்கான ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் நின்றவர்கள் இரண்டு ஜப்பானியர்களே. நோனாகா முந்தினார், நோகுச்சிக்கு நான்கு. கார்ன்பிரெட் ஐந்து, ஆஸ்திரியாவின் ஜெசிகா பில்ஸ் ஆறு, அமெரிக்காவின் புரூக் ரபூட்டூ ஏழு, கொரியாவின் சியோ சே-ஹியுன் எட்டு.

அடுத்தது போல்டரிங், மூன்று புதிர்கள். நோகுச்சியின் சொந்த மண் என்று எவரும் எதிர்பார்க்கும் பகுதி. அன்று இரவு அந்தச் சுவரில் உச்சியைத் தொட்டவர் ஒரே ஒருவர். கார்ன்பிரெட் இரண்டு புதிர்களை முடித்தார். மற்ற ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு டாப் கூட இல்லை. நான்கு முறை ஆண்டுப் பட்டம் வென்றவரும் அந்த ஏழு பேரில் ஒருவர். இடங்களை சோன்களும் முயற்சிகளுமே பிரித்தன: ரபூட்டூ இரண்டு, நோனாகா மூன்று, நோகுச்சி மறுபடியும் நான்கு.

இரண்டு பிரிவுகள் முடிந்த நிலையில் பெருக்குத்தொகையைப் பார்த்தால் நிலைமை சங்கடமானது. கார்ன்பிரெட் 5, மிரோஸ்வாவ் 8, நோனாகா 9, ஜோபேர் 12, ரபூட்டூ 14, அதற்கும் பிறகுதான் நோகுச்சி, 16-உடன் ஆறாவதாக. லீடில் மிரோஸ்வாவ் கடைசி இடம் பெறுவார் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அவர் 64-இல் நிற்பார். நோகுச்சி அந்த எண்ணைத் தொட லீடில் நான்காவதாகவாவது வர வேண்டும். ஐந்தாவதானால் 80, பதக்கம் போய்விடும். அவருக்கு முன்னே நிற்கக்கூடியவர்கள் யாரென்றால், லீடில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றிருந்த கார்ன்பிரெட்டும் பில்ஸும், பதினைந்து வயதிலேயே லீட் உலகக் கோப்பையின் ஆண்டுப் பட்டத்தை வென்ற சியோவும். அந்த மூவரையும் விட்டுவிட்டு மீதி நால்வரையும் முந்துவதே நடைமுறையில் அவருக்கு இருந்த வழி. அந்த வழியில் ஒரு இடம்கூட உபரி இல்லை.

லீடில் மறுவாய்ப்புக் கிடையாது. ஆறு நிமிடம், ஒரே முயற்சி, கயிற்றை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டிக்கொண்டே மேலேற வேண்டும், தவறினால் அவ்வளவுதான். எத்தனையாவது பிடிவரை போனோம் என்பதே மதிப்பெண். போல்டரிங் தாவலைக் கேட்கிறது என்றால் லீட் சிக்கனத்தைக் கேட்கிறது. எந்தப் பிடியில் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி இரத்தம் ஓடவைக்கலாம், எந்தப் பிடியில் நின்றால் இருப்பதும் கரைந்துவிடும் என்று முன்கைகள் அறிந்திருக்க வேண்டும். பதினாறாம் வயதில் மியூனிக்கில் வெண்கலம் தந்த அறிவு அது. நோகுச்சி அந்த மூவருக்கு அடுத்து, நோனாகாவுக்கும் ரபூட்டூவுக்கும் மேலே, நான்காவதாக முடித்தார். சமநிலையில், மூன்று பிரிவுகளில் எத்தனையில் யார் முன்னே என்று பார்க்க வேண்டும் என்பது விதி. மிரோஸ்வாவ் ஸ்பீடில் முன்னே. போல்டரிங்கிலும் லீடிலும் நோகுச்சி முன்னே. இரண்டுக்கு ஒன்று. கார்ன்பிரெட் தங்கம், நோனாகா வெள்ளி, நோகுச்சி வெண்கலம்.

இந்த முடிவை வேறு கணக்குகளில் போட்டுப் பார்ப்பது வீண்வேலை அன்று. இடங்களைப் பெருக்காமல் கூட்டியிருந்தால் நோகுச்சிக்கு 12, மிரோஸ்வாவுக்கு 17. சமநிலைப் பேச்சே எழாமல் வெண்கலம் அவருடையது. உலகக் கோப்பையில் அக்காலத்தில் முதலிடத்துக்கு 100, இரண்டாமிடத்துக்கு 80, பிறகு 65, 55, 51, 47, 43, 40 என்று புள்ளிகள் கொடுத்தார்கள். அந்த அளவுகோலை அன்றைய இடங்களின்மேல் வைத்தால் மிரோஸ்வாவ் 180, நோகுச்சி 165. இடையில் ரபூட்டூவும் ஜோபேரும் 170 பெற்று நுழைய, நோகுச்சி ஆறாமிடத்துக்கு இறங்குகிறார். ஸ்பீடை எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் பெருக்கினாலும் ரபூட்டூ 12, சியோ 14, நோனாகாவும் பில்ஸும் 15, நோகுச்சி 16. அப்போதும் ஆறாமிடமே, நோனாகாவின் வெள்ளியும் கைநழுவுகிறது. விதி வேறானால் ஆட்டமும் வேறாக ஆடப்பட்டிருக்கும் என்பதால் இவற்றை ஆரூடமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் இரண்டு ஜப்பானியப் போல்டரிங் வீராங்கனைகளின் கழுத்தில் அன்று விழுந்த பதக்கங்களைத் தாங்கிப் பிடித்தது, ஏறுநர்கள் பலர் வேண்டாமென்று சொன்ன ஸ்பீடு சுவர்தான். ரபூட்டூவும் சியோவும் ஏழும் எட்டும் வாங்கிய அந்தச் சுவரில் நோகுச்சி வாங்கிய நான்கு, அன்றைய மூன்று நான்குகளில் விலை உயர்ந்தது என்பது என் கணிப்பு.

முந்தைய நாள் அதே சுவரில் நடந்ததும் இந்த ஆய்வுக்குள் வர வேண்டியதே. ஆண்கள் இறுதியில் தொமோவா நராசாகி, 2016-இலும் 2019-இலும் போல்டரிங் உலகச் சாம்பியனாக இருந்தவர், ஸ்பீடின் கடைசி ஓட்டத்தில் ஸ்பெயினின் அல்பெர்த்தோ ஹினேஸ் லோபெஸிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார். அவருடைய கணக்கு 2×3×6, அதாவது 36. வெண்கலம் வென்ற ஆஸ்திரியாவின் யாகோப் ஷூபெர்ட்டுக்கு 35. ஒரே ஒரு புள்ளியில் நான்காமிடம். மற்றவை அப்படியே இருக்க அந்த ஓர் ஓட்டத்தை மட்டும் நராசாகி வென்றிருந்தால் அவருடைய எண் 18. ஹினேஸ் லோபெஸின் 28 தங்கத்திலிருந்து 56-க்குப் போய் பதக்கத்துக்கே வெளியே நின்றிருக்கும். பெருக்கல் கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம். நோகுச்சியும் நராசாகியும் அதே ஆண்டு டிசம்பரில் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரே வாரத்தில், ஒரே சுவரில், ஒரே விதியால் ஒருவர் பெற்றும் ஒருவர் இழந்தும் வந்த வீடு அது.

பெருக்கல் கணக்கு டோக்கியோவோடு முடிந்தது. 2024 பாரிஸில் ஸ்பீடு தனிப்பதக்கமாகப் பிரிந்தது. மிரோஸ்வாவ் அதில் தங்கம் வென்றார். போல்டரிங்குக்கு 100, லீடுக்கு 100 என்று புள்ளிகளைக் கூட்டும் புதிய இணைப்புப் போட்டியில் கார்ன்பிரெட் மீண்டும் தங்கம். டோக்கியோவில் ஐந்தாமிடம் பெற்ற ரபூட்டூ வெள்ளிக்கும், ஏழாமிடம் பெற்ற பில்ஸ் வெண்கலத்துக்கும் உயர்ந்தார்கள். இறுதிச்சுற்றில் ஜப்பானுக்காக அய் மோரி இருந்தார். போல்டரிங்கின் முதல் புதிரில் தொடக்கப் பிடியையே எட்ட முடியாமல் போன அவர், லீடில் வெகுவாக மேலேறி மொத்தத்தில் நான்காவதாக வந்தார். அந்தக் கணக்கில் நான்காமிடம் நான்காமிடமாகவே நின்றது.